எனக்குரிய அரை நிமிடம்

மகன்,

நீ என் போனை எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் "உம்மா, கடையில ஆளிரிக்கி, பொறகு எடுக்கன்" என்கிறாய். நீ சொன்ன அந்தப் 'பொறகு' இரண்டு மாதமாகியும் வரவில்லை. கல்முனைக்கும் மருதமுனைக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். கடைக்குச் சாமான் எடுக்க வாரத்தில் மூன்று நாள் நம் வீதியால்தான் போகிறாய் என்று உனக்கு மூத்தவள், உன் ராத்தா, சொல்கிறாள். அவள் சொல்லவும் தேவையில்லை, உன் சைக்கிள் சத்தம் எனக்குத் தெரியும். வளைவில் கொஞ்சம் வேகம் குறைகிறது, பிறகு கூடுகிறது. அந்தக் குறைகிற இடத்தில்தான் நம் வாசல் படலை இருக்கிறது.

கடிதம் எழுதி ஆள் வசம் அனுப்பினால் அது முதலில் உன் மனைவியின் கைக்குப் போகும். அவள் வாசித்து, மடித்து, எங்கேயாவது வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் வீடு, அவள் கதவு. அதனால்தான் இதை நம் ஊரில் மாதம் ஒரு தரம் வருகிற சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. ஆனால் பிள்ளை அழுத கதை வருகிற இடத்தில் அது நீதான் என்று உனக்கு விளங்கும். ஊருக்கும் விளங்கலாம். விளங்கட்டும். இந்த வயதில் நான் யாருக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறேன், பயப்படுவதற்கு?

இதை நானேதான் எழுதுகிறேன். தடித்த பேனையால், ஒரு பக்கத்துக்கு ஆறேழு வரி, அஸர் தொழுதுவிட்டு வெளிச்சம் நிற்கிற வரைக்கும். வரிகள் மேலே ஏறிக் கீழே இறங்கும். ஒரு காலத்தில் என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறதென்று உன் வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர் கட்டிய பாட்டுகளையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தவள் நான்தான். அந்தக் கொப்பிகளுக்கு என்ன நடந்தது என்பதையும் இதிலேயே எழுதுவேன். அதை மறைத்துவிட்டு உன்னைத் திட்ட எனக்கு வாய் கிடையாது.

உன் வாப்பாவை நீ தையல்காரராகத்தான் அறிவாய். பஸாரில் அந்தச் சின்னக் கடை, கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு ஊசி. ஆனால் மீசை முளைக்கும் முன்பே மேடை ஏறிய மனிதர் அவர். றபானைத் தட்டி நபிபுகழ் பாடினால் பள்ளிவாசல் பெரிய லெப்பையே கண்ணைத் துடைப்பார். அதே வாய் அடுத்த நிமிடம் பஸ் கொண்டக்டராகும், நெல் நிறுக்கிறவனோடு மல்லுக்கட்டுகிற வயல்காரப் போடியாராகும், பல்லில்லாத கிழவியாகும். பைலா பாடி ஆடுவார். நின்ற நிற்பில் கவி கட்டுவார். கொழும்பு வானொலியில் அவர் குரல் வந்தால் தேநீர்க்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் கையை நிறுத்துவான். கோமாரியில் மீன்பிடிக்கிறவர்கள் கூப்பிட்டாலும் போவார், சொறிக்கல்முனையில் பள்ளிக்கூட விழா என்றாலும் போவார், கோயில் திருவிழா என்றாலும் போவார். எவர் கூப்பிட்டாலும் இந்த மனிசன் போகிறதே என்று எனக்கு எரிச்சல். கூப்பிட ஆள் இருந்ததே ஒரு பெரிய விசயம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

டீவி வந்த புதிதில், நோன்புப் பெருநாள் நிகழ்ச்சி ஒன்று செய்ய அவரைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். நீ அப்போது கைப்பிள்ளை, எட்டோ ஒன்பதோ மாதம். அவர் தானே தைத்த வெள்ளைச் சட்டை ஒன்றை அதற்காக எடுத்து வைத்தார். கழுவிக் காயப்போட்டதில் அதன் மூன்றாவது பொத்தான் கழன்றுவிட்டது. அவர் கடையில் இருந்தார், நான் தைத்தேன். வெள்ளை நூல் முடிந்திருந்ததால் கையில் அகப்பட்ட பச்சை நூலைக் கோத்துத் தைத்துவிட்டேன். வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தையல்காரன்ட சட்டையில பச்ச நூலா? நாடே பாத்துச் சிரிக்கப் போவுது புள்ள."

பிரித்துவிடுகிறேன் என்று சட்டையைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை.

"வேணாம், கெடக்கட்டும். கடைசியா ஒரு பாட்டு இரிக்கி. அதுல ரெண்டாவது சரணம் தொடங்கின ஒடன இந்தப் பொத்தானத் தொடுவன். அது ஒனக்கு. பாக்குற ஆக்கள் ஒருத்தருக்கும் வெளங்காது, ஒனக்கு மட்டும் வெளங்கும்."

மகன், இதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உன் ராத்தாவுக்கே இந்தச் சஞ்சிகையில்தான் தெரியப்போகிறது. வீட்டில் அப்படியெல்லாம் கதைக்கிற மனிசன் அல்ல அவர். இருக்கிற கொஞ்சலையெல்லாம் மேடையில் கொட்டிவிட்டு வந்து, வீட்டில் சோறு கேட்பார், வெந்நீர் கேட்பார், படுப்பார். கலியாணம் முடித்த இத்தனை காலத்தில் எனக்கென்று அவர் சொன்ன ஒரே சொல் அதுதான். அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தலைகால் புரியாத சந்தோசமாகவும் இருந்தது.

கொழும்புக்குப் போய் நிகழ்ச்சியைப் பிடித்துக்கொடுத்துவிட்டு வந்தார், பெருநாளும் வந்தது. அன்று கோமாரியில் ஒரு மேடை இருந்ததால் அவர் காலையிலேயே போய்விட்டார். நம் தெருவில் டீவி இருந்தது அரிசிக்கடை முதலாளி வீட்டில் மட்டும். கார் பற்றரியில் ஓடுகிற டீவி. பின்னேரம் தெருவே அங்கு போனது. ஆண்கள் முன் மண்டபத்தில் இருந்தார்கள், பெண்கள் நாங்கள் உள்ளே பாயில் இருந்து நடுக்கதவுக்குள்ளால் பார்த்தோம். முதலில் அவர் வந்தது கிழவியாக. முக்காடு போட்டு, வாயை உள்ளே மடித்து, தேங்காய்க்காரனோடு சண்டை பிடிக்கிற கிழவி. வீடே குலுங்கிச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அப்போது முதலாளியின் பெண்சாதி என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன கா, முக்காடு ஒன்ட மாப்புளக்கி ஒன்ன விட வடிவா இரிக்கே!" என்றாள். அதற்கு ஒரு சிரிப்பு எழும்பியது பார், டீவிக்குச் சிரித்ததை விடப் பெரிய சிரிப்பு.

அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. இன்றைக்கு அது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை, காதிரண்டும் நெருப்பாகச் சுட்டது. எழும்பிப் போய்விட வேண்டும் போல இருந்தது. சும்மா எழும்பினால் அதற்கும் ஒரு சிரிப்பு வரும். நீ என் மடியில் இருந்து, வாயைத் திறந்துகொண்டு, இமைக்காமல் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வாப்பாவின் குரல் என்று உனக்குத் தெரிந்ததோ என்னவோ, கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். முந்தானைக்குள் கையை விட்டு உன் தொடையில் கிள்ளினேன். நல்லாகவே கிள்ளினேன். நீ வீரிட்டுக் கத்தினாய். "புள்ளக்கி நித்திர வருது" என்று சொல்லி உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நீயாக அழவில்லை, மகன். நான் கிள்ளினேன். இந்த இடத்தை இன்னொரு தரம் வாசி.

எங்கள் வேலியோரம் வந்து நின்றேன். றபான் சத்தம் கேட்டது, பிறகு அந்தப் பாட்டு தொடங்கியது. முதல் சரணம் போனது. இரண்டாவது சரணம் தொடங்கியதும் கேட்டது. திரும்பிப் போக இருபது அடிதான். வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்திருக்கலாம். போகவில்லை. ரோசம் வந்து காலைக் கட்டிவிட்டது.

அடுத்த நாள் காலை அவர் கோமாரியில் இருந்து வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே "பாத்தியா?" என்று கேட்டார்.

"ஓம், பாத்தன்."

"பொத்தான்?"

"ஓம், ஓம்."

முகமெல்லாம் பூத்துவிட்டது மனிசனுக்கு. அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆனது. கலியாண வீட்டில் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டு, கூட்டத்துக்குள் என்னைக் கண்டால், மூன்றாவது பொத்தானைத் தொடுவார். ஆஸ்பத்திரி வரிசையில் தொடுவார். ஊர் கலவரப்பட்டுச் சனம் எல்லாம் பள்ளிவாசலுக்குள் இருந்த நாளில்கூட, அந்தப் பக்கத்தில் இருந்து தொட்டார். நானும் விளங்கியவள் மாதிரித் தலையை ஆட்டுவேன். ஒவ்வொரு தரமும் எனக்குள் ஒரு முள் ஏறும். உண்மையைச் சொல்ல ஆயிரம் நாள் இருந்தது. 'நான் பாக்கல்ல மச்சான், ஒங்கள நெனச்சி வெக்கப்பட்டு எழும்பி வந்திட்டன்' என்று எப்படிச் சொல்வது? நாள் போகப் போக அது சொல்லவே முடியாத ஒன்றாகிவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரியில் பேச்சு நின்ற பிறகு அவர் கை நெஞ்சுக்கு மேலே போய்ப் போய் வந்தது. நெஞ்சு நோகுதா என்று நர்ஸ் கேட்டாள். எனக்குத் தெரியும் அது எதற்கென்று. ஓம், நோகுது போல என்றுதான் அவளிடம் சொன்னேன்.

நான் எழும்பி வந்ததை மறைக்க இன்னொரு கதையும் வளர்ந்தது. வாப்பாவை டீவிப் பெட்டிக்குள் பார்த்துப் பிள்ளை பயந்து அழுதுவிட்டது என்று முதலில் நான்தான் சொன்னேன். பிறகு வருகிறவன் போகிறவன் எல்லாம் சொல்லிச் சிரித்தான். நீயும் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாய்.

இனிக் கொப்பிகளின் கதை. உனக்கு இருபத்திரண்டு வயது நடக்கும்போது மருதமுனையில் இருந்து உன்னைக் கேட்டு வந்தார்கள். நம் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள், வீடும் அவர்கள்தான் கொடுப்பார்கள். ஆண்பிள்ளையைப் பெற்றவள் ஒரு நாளைக்கு அவனைப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டியவள். அவர்கள் கொடுப்பதாகச் சொன்ன வீட்டை நான் போய்ப் பார்த்திருந்தேன். மேல்தட்டுப் போட்ட வீடு, தரையெல்லாம் மாபிள், உள்ளேயே குழாய்த் தண்ணீர். தையல்காரனின் மகனுக்கு அப்படி ஒரு வீடு! எனக்கு நித்திரை வரவில்லை. பேச்சுக்கு வந்த அன்று, பெண்ணின் மாமா தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே, ஒரு கதைக்காக, "மாப்புளட வாப்பா இப்பயும் பாடுறாரா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பாடக்கூடாது என்று சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவருக்குப் பாட்டுப் பிடிக்குமோ என்னவோ, யாருக்குத் தெரியும்? உன் வாப்பா வாயைத் திறக்கும் முன்பு நான் கதவுக்குப் பின்னால் இருந்து, "இல்ல, அதெல்லாம் எப்பவோ உட்டுட்டாரு" என்றேன்.

முன் வெள்ளிக்கிழமைதான் அவர் மேடையில் பாடிவிட்டு வந்திருந்தார். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர்களிடம் திரும்பி, "ஓம், உட்டுட்டன்" என்றார்.

வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த மனிசன் மாறமாட்டார். அன்றோடு விட்டார். நானாவது அத்தோடு நிறுத்தினேனா? இல்லை. கலியாணத்தன்று பின்வளவில், ஒரே தட்டில் கூடியிருந்து தின்கிற சஹன் சோற்றுக்குப் பெரிய அண்டாவில் இறைச்சி வைத்தோம். பெண் வீட்டார் வந்து அறைக்குள் ஏதாவது கண்டுவிட்டால் என்ற பயத்தில், ஒலிநாடாக்களையும் ஐந்து பாட்டுக் கொப்பிகளையும் அள்ளிக்கொண்டு போய் அந்த அடுப்பில் வைத்தேன். என் கையெழுத்து, என் கண்ணுக்கு முன்னாலேயே சுருண்டது. அவர் சட்டைக்கு அத்தர் பூசிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தக் கிழவியின் குரலில், வாயை மடித்து, "ஏன் கா, வெறகு முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

சமையல்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கிழவியை நாங்கள் பிறகு கேட்கவே இல்லை. பதினெட்டு வருடம் ஊசியும் நூலுமாக இருந்துவிட்டு மௌத்தாகிப் போனார். அந்த இறைச்சியை நீயும் தின்றாய், நானும் தின்றேன், ஊரும் தின்றது.

இந்த வருடம் நோன்பு முடிந்த கையோடு ஒரு நாள் ராத்தா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "உம்மா, வாப்பா! வாப்பா கதைக்காரு, கேளுங்க!" கொழும்பில் பழைய டீவி நிகழ்ச்சிகளைத் தேடிச் சேர்க்கிற ஒருவர் இருக்கிறாராம். ஓய்வு பெற்ற கமெராக்காரர் ஒருவர் வீட்டில் கிடந்த நாடாக்களை எடுத்து, துடைத்து, இணையத்தில் ஏற்றியிருக்கிறார். உன் வாப்பாவின் நிகழ்ச்சி ஐந்து துண்டாக அதில் இருந்தது. கிழவி, கொண்டக்டர், றபான், பைலா, கடைசியில் அந்தப் பாட்டு. என் இரண்டு கண்ணிலும் அப்போது வெண்படலம். போனுக்குள் ஏதோ வெள்ளையாக அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஆனால் குரல்! என்ட அல்லாஹ், அந்தக் குரல்! முதல் நாள் நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டாள் யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று ஓடி வந்தாள்.

பிறகு தினமும் அஸருக்குப் பின் ராத்தா போட்டுக் காட்டுவாள். "இப்ப முக்காட்ட இழுக்காரு உம்மா... இப்ப தேங்காயத் தூக்கி ஆட்டிப் பாக்காரு..." என்று சொல்லிக்கொண்டே வருவாள். கீழே ஆட்கள் எழுதியிருப்பதையும் வாசிப்பாள். சொறிக்கல்முனையில் இருந்து வெளிநாடு போன ஓர் அம்மா, எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்து பாடினவர், அன்று நான் முதல் வரிசையில் இருந்தேன், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கிழவி மாதிரிக் கதைத்து அம்மாவிடம் அடி வாங்கினேன் என்று எழுதியிருந்தா. அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன்.

கடைசிப் பாட்டு வரும்போது ராத்தா ஒன்றும் சொல்ல மாட்டாள். சும்மா நிண்டு பாடுறாரு உம்மா என்பாள். இரண்டாவது சரணத்தில் அவர் கை என்ன செய்கிறதென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்து நின்றது. கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்பாள். நான் அன்று பார்க்கவில்லை என்பது வெளியே வரும். அதைவிட, என் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று ஆசை. கண் கிளினிக்கில் நாள் தந்திருந்தார்கள். ஒரு கண்ணில் படலத்தை எடுக்கலாம், ஆனால் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணுக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது, பார்வை வந்தாலும் எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். நிற்கிற அளவுக்கு நிற்கட்டும், எனக்குப் பார்க்க இருப்பது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு சம்மதித்தேன்.

கண்ணில் படலத்தை வெட்டி எடுத்து, கட்டு அவிழ்த்து, சொட்டு மருந்து விட்டு, ஒரு மாதத்துக்குப் போன் பார்க்கக் கூடாது என்று ராத்தா பிடிவாதமாக நின்றாள். பொறுத்தேன். மாதம் முடிந்த அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்தைக் கழுவி, நல்ல சீலையும் உடுத்துக்கொண்டு இருந்தேன். சிரிக்காதே. ராத்தா போனை எடுத்தாள், தட்டினாள், திரும்பவும் தட்டினாள். ஐந்தும் இல்லை. சொறிக்கல்முனை அம்மா எழுதியதும் இல்லை.

அவற்றை இணையத்தில் இருந்து நீக்க வைத்தது நீதான் என்று தெரிந்து நான் உனக்குப் போன் எடுத்த அன்று, அதிசயமாக, நீ எடுத்தாய்.

"ஓம் உம்மா, நான்தான் வாரிசு எண்டு எழுதி எடுக்கச் செல்லிட்டன். மகள்ட கலியாணம் வருது. மாப்புள ஊட்டாக்கள் எல்லாம் மார்க்கம் ஓதின ஆக்கள்."

"அவங்க கேட்டாங்களா மகன்?"

"அவங்க ஒண்டும் கேக்கல்ல. நாமதான் வெளங்கி நடக்கணும். அதோட, ஒவ்வொருத்தன் பாக்கக்குள்ளயும் கபுறுல கெடக்குற வாப்பாக்குத்தான் பாவம். எனக்கு அது சின்னதிலேயே புடிக்கல்ல. கைப்புள்ளையா இரிக்கக்குள்ளயே பாத்து அழுதனான்தானே, நீங்கதானே செல்லுவீங்க."

நான் போனை வைத்துவிட்டேன். என் பொய்யை எடுத்து என் முன்னாலேயே சாட்சிக்கு நிறுத்திவிட்டாய்.

கபுறைப் பற்றி உனக்கு உண்மையிலேயே பயமிருந்தால் அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவருக்காக நானும் ஐந்து வேளையும் கை ஏந்துகிறவள்தான். ஆனால் அந்தப் பயம் உனக்கு வந்த கிழமையைப் பார். அவர் மௌத்தான அன்று வரவில்லை. அந்தத் துண்டுகள் இணையத்தில் வந்த அன்றும் வரவில்லை. சம்மந்தம் பேசிய கிழமைதான் வந்தது. எனக்குத் தெரியும் மகன், அது என்ன பயமென்று. மாபிள் தரையைப் பார்த்துவிட்டு வந்த நாளில் எனக்கும் அதே பயம்தான் வந்தது. அதை அன்று நான் ஈமான், இறைபக்தி என்றுதான் பெயர் சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்காததைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை நினைத்துப் பெருமைப்படுகிற இந்தப் புத்தி உனக்கு வேறெங்கிருந்து வரும்? என்னிடம் படித்தாய். என்னை விட நன்றாகச் செய்கிறாய். எனக்கு அடுப்பு வேண்டியிருந்தது, உனக்கு ஒரு விரல் போதும்.

உன் மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். வாப்பும்மா என்று என்னைக் கூப்பிட்டு என் மடியில் வளர்ந்த பிள்ளை. அவளுக்குச் சொல்ல எனக்கிருப்பது ஒரே ஒரு புத்திதான், நீ சொல்லாவிட்டாலும் இதை வாசித்து அவள் அறிந்துகொள்ளட்டும். கேட்காததைக் கொடுக்காதே, ராசாத்தி. கேட்டாலும் ஒரு நாள் யோசித்துக் கொடு. வீட்டைக் கொடுக்கலாம், நகையைக் கொடுக்கலாம், ஒரு மனிசனின் வாயைக் கொடுக்காதே. கொடுத்த பிறகு அவன் உன்னோடு பதினெட்டு வருடம் இருப்பான், நல்லவனாகவே இருப்பான், ஒரு நாளும் குத்திக் காட்ட மாட்டான். அதுதான் தாங்க முடியாதது.

இணையத்தில் போட்ட அந்த மனிதர் தங்கமானவர் என்று ராத்தா சொல்கிறாள். மகனே வருத்தப்படுகிறார் என்றால் அது அவருடைய பொருள் என்று சொல்லி, ஐந்தையும் இறக்கி, தன்னிடம் இருந்ததை உனக்கே அனுப்பிவிட்டு, தன் பக்கத்தில் அழித்துவிட்டாராம். நாடாவும் பூஞ்சணம் பிடித்து இனி ஓடாதாம். ஆகவே உலகத்தில் அது இருப்பது உன் கடைக் கம்பியூட்டரில் மட்டும். ராத்தா கேட்டதற்கு, "அழிக்கல்ல, வெச்சிரிக்கன். பாக்கவும் இல்ல. ஒங்களுக்கு அனுப்பினா நாளைக்கி ஊரெல்லாம் சுத்தும். கலியாணம் முடியட்டும், மொத்தமா அழிச்சிருவன்" என்றாயாம். ஆக எனக்கு ஒரு மாதம் இருக்கிறது. என் கண்ணுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கிறது போல. இப்போதே இந்த வரியின் கடைசி எழுத்து எனக்குத் தெரியவில்லை.

நாமும் எழுதிக் கொடுப்போம் உம்மா, நீங்களும் வாரிசுதானே என்றாள் ராத்தா. பெற்ற பிள்ளைக்கு எதிராக மனு எழுத நான் தயாரில்லை. ஆனால் அவள் சொன்ன அந்தச் சொல் எனக்குள் கிடந்தது. வாரிசு என்று நீயே எழுதியிருக்கிறாய். நல்லது. வாரிசு என்றால் பங்கு இருக்கிறது. நீ ஓதினவன், உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற மனைவிக்கு, புருசன் விட்டுப் போனதில் எட்டில் ஒன்று. அவர் கடையில் நான் அதைக் கேட்கவில்லை. தையல் மெசினில் கேட்கவில்லை. இதில் கேட்கிறேன். அந்தக் கடைசிப் பாட்டு நாலு நிமிடம் என்று ராத்தா சொன்னாள். நாலு நிமிடத்தில் எட்டில் ஒன்று அரை நிமிடம். இரண்டாவது சரணம் தொடங்குகிற இடத்தில் இருந்து எனக்குரிய அந்த அரை நிமிடத்தை வெட்டித் தா. சத்தம் ஆகாதென்றால் சத்தத்தை எடுத்துவிடு. பாட்டு இல்லை, றபான் இல்லை, முக்காடு இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிசன் நின்று வாயை அசைக்கிறார், அவ்வளவுதான். மற்ற ஏழு பங்கையும் நீ என்ன வேண்டுமானாலும் செய்.

வெட்டுவதென்றால் நீ பார்க்க வேண்டி வரும். பார். உன் வாப்பா உன்னை விட இளையவராக நிற்பார். அவர் கையைக் காலை ஆட்டினால் உனக்கும் கை கால் ஆடலாம், ஒன்பது மாதத்தில் ஆடியது போல. பயப்படாதே, பக்கத்தில் கிள்ளுவதற்கு நான் இருக்க மாட்டேன்.

அதுவும் உன்னால் முடியாதென்றால், அழிக்கும் முன்பு ஒரே ஒரு தரம், கடையைச் சாத்திவிட்டு, தனியே இருந்து அந்த இடத்தை மட்டும் பார். அவர் கை மேலே போகிறதா? மூன்றாவது பொத்தானைத் தொடுகிறதா? பச்சை நூல் தெரியாது, அதைத் தேடாதே, கையைப் பார். பிறகு எனக்குப் போன் எடுத்து ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொல்லிவிட்டு வை. வேறொன்றும் கதைக்க வேண்டாம். இல்லை என்றாலும் சொல். லைட்டுகளைக் கண்டு மறந்திருப்பார், மனிசன்தானே. ஆனால் என்னை ஆறுதல்படுத்துவதற்காக ஓம் என்று சொல்லிவிடாதே. அப்படி ஒரு ஓம் நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைக் கிள்ளிய உம்மா